மூடாத சதுரம்

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் ‘அம்பு டீச்சர்’ என்று பெயர். நாத்தனார் வாயால் அண்ணிக்குப் புகழ்ச்சி வருகிறதென்றால் சும்மா வராது. அதே பள்ளியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். எல்லாம் கண்ணால் கண்டது.

மேல்படிப்பில் கேட்டகரி தியரி என்ற கணிதப் பிரிவைப் படித்தவள் அவள். “புள்ளி எதுவா வேணா இருக்கட்டும். அம்பு எங்க போகுது, ரெண்டு அம்பைச் சேர்த்தா எங்க போய் நிக்குது, அதான் கணக்கு” என்பாள். இரண்டு வழியும் ஒரே புள்ளியில் முடிந்தால் ‘சதுரம் மூடிடுச்சு’ என்பாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில்கூட அம்புதான். “சாப்பாடு எந்தப் புள்ளியில இருக்கு?” என்று அண்ணன் கேட்பான்.

அவளுடைய எட்டாம் வகுப்பில் பிழைப்புக்காக வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஆளுக்கொரு மொழி, எங்கள் மொழி யாருக்கும் வராது. “மொழி தெரியாததுங்களுக்குக் கணக்கு எதுக்கு? ரெண்டாம் வகுப்புல போய் உக்காரட்டும்” என்றார் தலைமையாசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கல்வி அதிகாரியை வரச் சொல்லுங்க சார். வகுப்பைப் பாத்துட்டு அவர் சொல்லட்டும்” என்று அண்ணி ஒரே பிடியாக நின்றாள்.

அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்; தலைமையாசிரியரும் நானும் வாசலோரம் நின்றோம். அண்ணி வாயே திறக்காமல் கரும்பலகையில் ஐந்து என்று புள்ளி வைத்து, அம்புகளின் மேல் கணக்குக் குறிகளை மட்டும் எழுதினாள். மேல் வழி: இரட்டிப்பாக்கு, பிறகு மூன்றைக் கூட்டு. கீழ் வழி: மூன்றைக் கூட்டு, பிறகு இரட்டிப்பாக்கு. இரண்டும் சேராது என்று காட்டத்தான் அந்தக் கணக்கே. ஆனால் பதற்றத்தில் கை பழக்கத்துக்கு ஓடி, இரண்டு வழியையும் ஒரே புள்ளியில் முடித்து, சதுரத்தை மூடிவிட்டது. அம்பு போட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கே வருகிற தப்பு.

ஜன்னலோரம் இருந்த சிறுமி எழுந்தாள். சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள். சாக்பீஸை வாங்கி, கடைசிப் புள்ளியை அழித்து, இரண்டாகப் பிரித்து வைத்தாள். மேலே பதின்மூன்று, கீழே பதினாறு. வகுப்பே மேசையைத் தட்டியது.

“டீச்சருக்கே தப்பா வருதே!” என்று தலைமையாசிரியர் சிரித்தார்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. தலை மட்டும் குனியவில்லை.

“ஆமா சார், தப்புதான். நானும் பேசல, அவளும் பேசல. என் தப்பு அவளுக்குப் புரிஞ்சுது, அவ திருத்தினது இவங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. இதுக்கு மேல என்ன மொழி வேணும்? அவளை ரெண்டாம் வகுப்புக்கு அனுப்புறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க. தப்பு பண்ணது நான்தானே!”

அதிகாரி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “யாரும் எங்கயும் போக வேணாம்” என்றார்.

அண்ணி சாக்பீஸுக்காகக் கையை நீட்டினாள். சிறுமி கொடுக்கவில்லை, பலகையின் அடுத்த மூலையில் புதிதாக ஒரு புள்ளி வைத்தாள்.