வலை கட்டிய அத்தி

காக்கா, உங்கள் அத்தி இந்த முறை நிறையக் காய்த்திருக்கிறது. இருந்திருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள்.

உம்மாவுக்கு நாம் இரண்டு பிள்ளைகள்தான், மூத்தவர் நீங்களும் உங்கள் தங்கச்சி நானும். கிணற்றடியில் நீங்கள் அந்தக் கம்பை ஊன்றியபோது நான் சிரித்தேன். குர்ஆனில் பேர் வந்த மரம் இந்தக் கடல் மணலில் வளருமா என்று கேட்டேன். நீங்கள் கம்பைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினீர்கள். தோணியால் வந்ததும் மீன் குடலை அதன் அடியில் புதைப்பீர்கள். பூனை கிளறும். திரும்பவும் மூடுவீர்கள்.

மூன்றாம் வருடம் ஏழு பழம் வந்தது. ஏழையும் கொண்டைக்குருவி கொத்திவிட்டது. அன்றைக்கே பழைய மீன் வலையை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டினீர்கள்.

"காக்கா, மரத்திலயும் மீன் புடிக்கப் போறீங்களா?"

"ஓம், உன்னையும் சேத்துத்தான் புடிக்கப் போறன். கதைக்காம அந்த மூலையப் புடி. ஒரு பழமாவது உம்மாட வாய்க்குப் போகட்டும்."

அடுத்த காய்ப்புக்கு முன்னமே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்தான்.

பிறகு நான்தான் காவல். உங்கள் வேலை என்று நினைத்துச் செய்தேன். வலை கிழிந்தால் தைத்தேன். குருவி வந்தால் கல் எறிந்தேன்.

போன கிழமை ஒரு குருவி வலையில் கால் சிக்கித் தொங்கியது. கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்த அடி இன்னும் போகவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. ஒருவர் நட்ட மரத்தில் மனிதன் தின்றாலும் பறவை தின்றாலும் நட்டவருக்கு நன்மை என்று சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன காலத்தில் சொல்லித் தந்தார்கள். நான் பெரிதாகப் படிக்கவில்லை, காக்கா. அதையாவது மறக்காமல் இருந்திருக்கலாம். உங்களுக்கு வரவேண்டியதை இத்தனை நாளும் நானே கல்லெறிந்து விரட்டியிருக்கிறேன்.

வலையை அவிழ்க்கத் தொடங்கினேன். உம்மா ஓடிவந்தார்.

"புள்ள, அது அவன்ட கையால போட்ட முடிச்செல்லோ!"

"ஓம் உம்மா. காக்காக்கு நன்மை போகட்டும். குருவி திண்டுட்டுப் போகட்டும்."

உம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வௌவாலுக்குமா?"

"வௌவாலுக்கும்தான்."

சிரித்துக்கொண்டே அழுதோம்.

இப்போது விடியும்போதே குருவிகள் வந்துவிடுகின்றன. அந்த நன்மை போதுமா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கிற நீங்கள் எல்லாரும் ஒரு தடவை கையேந்துங்கள். என் காக்கா அடங்கியிருக்கும் கப்று விசாலமாக, வெளிச்சமாக இருக்க அல்லாஹ்விடம் கேளுங்கள்.