பதினொரு பாட்டில் புளிச்சை ஒயின்

பதினொரு பாட்டில்களில் ஏழு வெடித்தன. நான்கு தப்பின. இந்தக் கணக்கில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்கு முந்தைய கணக்கில்தான். அதிலும் தவறு என்னுடையதல்ல என்று அறுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புனேயில் கோந்த்வா பகுதியிலுள்ள என் மகன் வீட்டில் இதைக் கேட்க இப்போது ஆளில்லை. எல்லோரும் குறைந்தது நான்கு முறை கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. புனா கண்டோன்மென்ட்டைத் தாண்டி இருந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையின் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள். அதில் ஒன்பது தமிழ் வீடுகள், பெரும்பாலும் வேலூர், குடியாத்தம் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்கு மருந்து நிரப்பும் பிரிவில் வேலை. ‘ஃபில்லிங்’ என்பார்கள். ஆணி அடித்த செருப்போடு அங்கே போகக் கூடாது. தீப்பெட்டி, சாவி, காசு எதுவும் கூடாது. அம்மா தினமும் காலையில் அப்பாவின் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புவாள். பீடி இருக்கிறதா என்று தேடுகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு மழைக்காலத்தில் அடுத்த வரிசையில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து அம்மாவின் பேச்சு ஒன்றே ஒன்றாகிவிட்டது. அப்பா ஃபில்லிங்கை விட்டு ஸ்டோர்ஸுக்கு மாற வேண்டும்.

“ஒரு மனு எழுதிப் போடுங்களேன்” என்பாள்.

“எழுதினா இன்னா சொல்வானுங்க தெரியுமா? பயந்தாங்கொள்ளின்னு சொல்வானுங்க” என்பார் அப்பா.

“சொல்லிட்டுப் போறானுங்க.”

“நீ சாதத்தைப் போடு.”

இதே நான்கு வரிகள்தான். வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும்.

மாற்றும் அதிகாரம் ஃபோர்மனிடம் இருந்தது. அவர் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். நெட்டையான மனிதர். மூன்று தீபாவளிக்கு அம்மா அவர் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினாள். மூன்று முறையும் தூக்கு வாளி நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

வழி சொன்னவள் எதிர் வீட்டு கோவாக்கார ஆன்ட்டி. ஃபோர்மன் போகும் தேவாலயத்துக்குத்தான் அவளும் போவாள். முறுக்கு கொடுத்தால் அந்த மனிதர் எப்படி அசைவார், அவருக்குப் பல் சரியில்லை என்று அவள் இந்தியில் சொல்லிச் சிரித்தாள். கிறிஸ்துமஸுக்கு அவருடைய தாயார் செய்கிற சிவப்பு ஒயினைப் பற்றி அவர் பேசாத வருஷமே கிடையாதாம். அது திராட்சையில் செய்தது அல்ல. எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலியோரமாக நின்ற சிவப்புப் புளிச்சையில் செய்தது.

அந்தச் செடிகள் இருபத்திரண்டு. கீரையை நாங்கள் கடைந்து சாப்பிடுவோம். பூ உதிர்ந்ததும் காயைச் சுற்றியிருக்கும் இதழ்கள் தடித்து ரத்தச் சிவப்பாக நிற்கும். மராத்தி வீட்டுக்காரர்கள் வந்து சட்னிக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். அந்த இதழ்களில்தான் ஒயின்.

அம்மா சாராயக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டாள். தவிர, அப்போது மதுவிலக்கு. வீட்டில் ஒரு சொட்டு காய்ச்சினாலும் போலீஸ் வரும், வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாமல் முடியாது. நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். இருபத்திரண்டு செடியின் காயும் ஒரே நாளில் எங்கே போயிற்று என்று ஊரைக் கூட்டியிருப்பேன். ஆகவே மாரியம்மன் படத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

“வெளிய மூச்சு விட்ட, உங்கப்பாவப் போலீஸ் புடிச்சினு போயிடும். தெரியுதா?”

தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைக் கண்டாலும் வீட்டுக்குள் ஓடினேன்.

இதழ்களை மறைவாக உலர்த்தி வைத்துக்கொண்டு, சர்க்கரை ரேஷனில் ஐந்து வாரம் மிச்சம் பிடித்தாள். அந்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டில் வெல்ல டீ. “டீ இன்னா ஒரு மாதிரி இருக்குது?” என்று அப்பா கேட்டபோதெல்லாம் “இருமலுக்கு நல்லது” என்றாள். யாருக்கும் இருமல் இல்லை. கேம்ப் கடைத்தெருவில் தெரிந்த பேக்கரியிலிருந்து ஆன்ட்டி ஈஸ்ட் வாங்கி வந்தாள். இதழ்களை வேகவைத்து வடிகட்டி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, பெரிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அடைத்தார்கள். கார்க்கில் துளை போட்டு, சைக்கிள் வால்வு ட்யூப் ஒன்றைச் செருகி, மெழுகு உருக்கிப் பூசி, ட்யூபின் மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டாள் ஆன்ட்டி. குடுவை கொல்லையில் தகரக் கூரை போட்ட கரி அறைக்குப் போயிற்று. அப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர் அல்ல.

அந்த டம்ளரில் குமிழி வரும். அதை எண்ணுவதுதான் என் வேலை. நிமிஷத்துக்கு ஒன்றாகக் குறைந்ததும் பாட்டிலில் அடைக்கலாம் என்பது ஆன்ட்டியின் சட்டம். காலை ஆறரைக்கு அப்பா போவார். ஏழே காலுக்கு நான் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் டைம்பீஸைத் தூக்கிக்கொண்டு கரி அறைக்குள் உட்காருவேன். முதல் வாரம் நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. பிறகு இருபது, பதினான்கு, ஆறு. சுவரில் கரியால் எழுதி வைத்தேன். டிசம்பர் பிறந்து குளிர் இறங்கிய ஒரு காலையில் ஒன்று வந்தது. மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்றே.

“நல்லா எண்ணினியாடா?”

“மூணு தடவ எண்ணினேன்மா.”

அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பழைய பாட்டில்கள் பதினொன்றில் ஊற்றி, ஆன்ட்டி கார்க் அடித்து, நகராதபடி சணலால் இறுக்கிக் கட்டினாள். எல்லாவற்றையும் ஓர் இரும்பு ட்ரங்குப் பெட்டியில் நிறுத்தி, பெட்டியைக் கரி அறையிலேயே மூடி வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான்காம் நாள் சனிக்கிழமை. அரை நாள் பள்ளி முடிந்து, வெயிலில் விளையாடிவிட்டு வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். முதலில் ஒரு சத்தம். அது நிற்பதற்குள் அதன்மேலேயே ஆறு சத்தம். பெட்டியின் மூடி பறந்து தகரச் சுவரில் மோதியது; அது எட்டாவது. கதவின் கீழே சிவப்பாக ஒழுகி வந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஒயின்தான் என்று. அம்மாவிடம் சொல்லத் தெருவுக்கு ஓடினேன். தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். எங்கள் கொல்லையை யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய முகமும் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியிருந்தது. குழாயடியில் வாளி உருண்டு கிடந்தது. அம்மா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பிடித்தபோது அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சுற்றிலும் பெண்கள். “ஃபில்லிங்லதான், சந்தேகமே இல்ல” என்றாள் ஒருத்தி. “சங்கு ஊதலயே?” என்றாள் இன்னொருத்தி. “சங்கு அப்பறந்தான் ஊதுவானுங்க.” யாரோ மராத்தியில் விட்டலனைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். உடனே மாரியம்மன் படம் நினைவுக்கு வந்தது. இத்தனை பேர் நடுவில் ஒயின் என்று சொன்னால் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். மூடினேன். தவிர, ஒருவருக்கும் எங்கள் வீட்டின் மேல் சந்தேகமே வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் தொழிற்சாலை என்றே நம்பினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். குழாயடியிலிருந்து தொழிற்சாலை வாசல்வரை எண்ணூற்று அறுபது அடி வைத்தேன். அத்தனை அடியும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நிம்மதியாக.

வாசலில் காவலாளி தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தான். எதுவும் ஆனாலும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். பதினேழு பேர் நின்றார்கள். அம்மா அழவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. “வலிக்குதும்மா” என்றேன். அவளுக்குக் காதில் விழவில்லை.

கூட்டத்தைப் பார்த்து ஃபோர்மனே வெளியே வந்தார். பெண்கள் நம்பப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லாமல், ஃபில்லிங் ஆட்கள் அத்தனை பேரையும் வாசலுக்கு வரச் சொன்னார். உள்ளே மாற்றிக்கொள்ளும் பையில்லாத வெள்ளைச் சட்டையில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறாவது ஆள் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவுக்குக் கூச்சம். “இன்னாடி இது, ரோட்ல உக்காந்துகினு? எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க” என்று குனிந்தார். அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சத்தம் குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்துதான் வந்தது என்றான் காவலாளி. அப்படியானால் எந்த வீட்டில் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி அப்பாவிடமாவது சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது. குனிந்திருந்தவரின் காதில் சொன்னேன்.

“ஒயினா?” என்று அப்பா ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

ஃபோர்மன் திரும்பினார். இரண்டே எட்டில் எங்களிடம் வந்தார்.

“இன்னா ஒயின், மேன்?” என்றார், தமிழில். அவருக்குத் தமிழ் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“புளிச்சை ஒயின், சார்” என்றேன் நான்.

“செகப்புப் புளிச்சையா? எத்தினி பாட்டில்?”

“பதினொண்ணு சார். வெடிச்சது ஏழு.”

“குமிழி நிக்கறதுக்கு முன்னாடி யார் அடைச்சது?”

“நிமிஷத்துக்கு ஒண்ணுதான் சார் வந்துது. மூணு நாள் எண்ணினேன். சுவத்துல எழுதியிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க.”

“எப்ப எண்ணினே?”

“காலையில ஆறரைக்கு, சார்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “டிசம்பர் மாசம் காலையில ஆறரைக்கா? குளிர்ல அது தூங்கும், மேன்! நீ தூங்கறவன எண்ணிட்டு வந்திருக்கே. மத்யானம் வெயில்ல முழிச்சிகிச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார்: “மிச்சம் நாலையும் போய் கார்க்கை லூஸ் பண்ணு. ஈரத் துணி சுத்தி வை. நான் எதுவும் கேக்கல. நீ எதுவும் சொல்லல.” கூட்டத்தைப் பார்த்து, ஒரு வீட்டில் சோடா பாட்டில் வெடித்திருக்கிறது, போங்கள் என்று இந்தியில் சத்தமாகச் சொன்னார்.

தூங்கறவனை எண்ணிவிட்டேன் என்றாரே தவிர, தப்பாக எண்ணினேன் என்று அவரும் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன். சத்தம் கேட்டவுடனேயே எனக்குத் தெரியும், சத்தியத்தை மீறாமல் அப்பா வரும்வரை வாயே திறக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்தாள். அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை என் தலைமேல் வந்து கனமாக உட்கார்ந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வீடு வரும்வரை சிரித்தாள், கரி அறையில் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கும்போதும் சிரித்தாள். ஐந்து வாரச் சர்க்கரை தரையில் ஓடிக்கொண்டிருந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மீதி நான்கு பாட்டிலும் கிறிஸ்துமஸுக்கு ஃபோர்மன் வீட்டுக்குப் போயின. ஜனவரியில் அப்பா ஸ்டோர்ஸுக்கு மாற்றப்பட்டார். ஒயின் வேலை செய்துவிட்டது என்று ஆன்ட்டி சொன்னாள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பி, பள்ளியில் இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வேறொன்று நடந்தது. அப்பா டீயைக் குடித்துவிட்டு, ஒயினைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், என்னிடம் ஒரு தாள் கேட்டார். கோடு போட்ட புது நோட்டைக் கொடுத்தேன். நடுத்தாளை ஊசியிலிருந்து பக்குவமாக உருவினார். பலகை மேல் வைத்து, யோசித்து யோசித்து இங்கிலீஷில் எழுதினார். நான்கு வரி. அதில் ‘ஸ்டோர்ஸ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழே கையெழுத்து. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானோ நோட்டை எடுத்து முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நடுத்தாள் என்றால் நான்கு பக்கம். எண்பது பக்க நோட்டு எழுபத்தாறு ஆகிவிட்டது. வாத்தியார் கேட்டால் யார் பதில் சொல்வது என்று நான் அழுதேன். அம்மாதான், தாளின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், “போவட்டும் விடுடா” என்றாள்.