தண்டோரா அக்கா

எங்கள் அலுவலகத்தில் மூத்த புரோகிராமரான அக்காவுக்குத் தண்டோரா என்று பெயர். வைத்தது டேட்டாபேஸ் பார்க்கும் குசும்பன். யார் தனியாக மெசேஜ் அனுப்பி எதைக் கேட்டாலும் "பொதுவுல கேளுங்க" என்ற ஒரே பதில்தான் அவரிடமிருந்து வரும். பொது என்பது டீமில் உள்ள அத்தனை பேரும் பார்க்கும் சேனல். அங்கே போய் நம் அறியாமையை நாமே ஊருக்குச் சொல்ல வேண்டுமாம்!

மகனைப் பள்ளியில் சேர்த்த கையோடு, பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி புரோகிராம் எழுத வந்தவள் நான். பக்கத்து இருக்கைப் பிள்ளைகளுக்கு எல்லாம் விரல் நுனியில் இருந்தது. எனக்கோ டெஸ்ட் சர்வர் நின்றுபோனால் திரும்பக் கிளப்பக்கூடத் தெரியாது. அக்காவுக்குத் தனியாக மெசேஜ் தட்டினேன். வழக்கமான பதில் வந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவர் மேசைக்கே போனேன்.

"காதோட சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதே தப்பா இருந்தா? நாலு பேர் பாத்தா ஒருத்தராவது திருத்துவாங்கல்ல?"

"என் மானம் போகும்க்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேனலில் தன் பெயரிலேயே தட்டினார்: 'டெஸ்ட் சர்வர எப்படிக் கிளப்புறது? மறந்து தொலைச்சுட்டேன்.'

'அக்காவுக்கே மறந்துடுச்சா, வெளங்கிடும்!' என்று குசும்பன் உடனே கேலி போட்டான். ஆனால் இன்னொருவரிடமிருந்து பதிலும் வந்தது. வழிமுறை போன வாரமே மாறிவிட்டதாம். அக்காவுக்கே அது புதுச் செய்தி. "பாத்தியா?" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து என் சந்தேகங்கள் எல்லாம் அக்கா பெயரில் சேனல் ஏறின. கேலி அவருக்கு, பதில் எனக்கு. என் வேலை நிரந்தரமானதே அந்தப் பதில்களால்தான்.

பிறகு டீம் லீட் பதவி காலியானது. இரண்டு முறை கைநழுவிப் போனது, இந்த முறையாவது கிடைக்கும் என்று அக்கா ஆசையோடு இருந்தார். சாப்பாட்டு அறையில் மேலாளர் எங்கள் காதுபடவே உதட்டைப் பிதுக்கினார்.

"சேனல்ல பாக்குறேனே, அடிப்படைக் கேள்வியெல்லாம் கேக்குறாங்க. இவங்கள எப்படி லீட் ஆக்குறது?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அக்கா அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். "போகுது விடு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

விடுவதாவது! இருக்கைக்கு வந்து மேலாளருக்குத் தனியாக ஒரு மெசேஜ் எழுதினேன். அனுப்பப் போன விரல் நின்றது. கேலி ஊரறிய, நன்றி மட்டும் காதோடா? எழுதியதை அழித்துவிட்டுச் சேனலைத் திறந்தேன்.

'சர்வரைக் கிளப்பத் தெரியாதவ நான்தான். அக்கா பேருல இருக்குற கேள்வியில பாதி என்னோடது. எனக்காக அவங்க கேலி வாங்கிக்கிட்டாங்க. இன்னைக்கு நான் இங்க உக்காந்திருக்கேன்னா அவங்கதான் காரணம். நன்றிக்கா.'

முதல் ஆளாகக் குசும்பன் எழுதினான்: 'மீதிப் பாதியில நெறைய என்னோடது.' அடப்பாவி! இத்தனை நாள் கேலி செய்தது இவன்தானே! அவனைத் தொடர்ந்து இன்னும் சிலர் எழுதினார்கள்.

மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து அக்காவின் மேசைக்குப் போனார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அக்கா தலையாட்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் என் திரையில் ஒரு தனி மெசேஜ். அக்கா தானாக அனுப்பிய முதல் தனி மெசேஜ் அதுதான்.

'லீட் நான்தானாம். மொதல்ல உனக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சு.'

கண் கலங்கிவிட்டது எனக்கு. 'பொதுவுல சொல்லுங்கக்கா' என்று பதில் போட்டேன்.