பரீட்சைக்கு முன் வரும் டைபாய்டு

மைசூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். இந்த நாற்காலிக்கு வருமுன் ஒன்பது வருடம் இதே வளாகத்தில் வருகைப்பதிவுப் பிரிவின் கிளார்க். போதிய நாள் வகுப்புக்கு வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் கமிட்டி பார்த்து மன்னிக்கும். அதனால் பரீட்சை நெருங்கினால் எங்கள் வளாகத்தில் டைபாய்டு பரவிவிடும். என் ஜன்னலுக்கு முன் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் டைபாய்டு. போலியைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தேதி, பல் டாக்டரின் முத்திரை, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் போதும், திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஒருநாள் அப்படித் திருப்பி அனுப்பிய ஒரு பெண் அழவில்லை, கெஞ்சவில்லை. "சரி மேடம். ஏன் வரலைன்னு எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலை பஸ்ஸில் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. முத்திரை மட்டும் அச்சு அசலாக நினைவிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருடமே தபால்வழிக் கல்வியில் உளவியல் சேர்ந்தேன். படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து, ஆலோசகர் வேலைக்கு மனுப் போட்டேன். நேர்காணலில், கிளார்க்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். "பொய்யோடு வருகிற பிள்ளைகளை என்னைவிட யாரும் அதிகம் பார்த்ததில்லை" என்றேன். வேலை கிடைத்தது.

போன பருவத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கடைசி வருடம். இரண்டு மாதம் ஹாஸ்டல் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தவள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன்; மெல்லத் தேறினாள். ஆனால் வருகை போனது போனதுதான். கமிட்டி கூடுவதற்கு முதல் நாள் காலை ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள். டைபாய்டு.

"இது செல்லுங்களா மேடம்?"

"ஒரு நிமிஷத்துல பிடிச்சிடுவாங்க. நானா இருந்தா அரை நிமிஷம். இருந்ததையே எழுதலாம்மா. ரூல்ல அதுக்கும் இடமிருக்கு, யாரும் படிக்கிறதில்ல. டாக்டர் லெட்டரும் நம்மகிட்ட இருக்கு."

"அதுக்கு அப்பா கையெழுத்து வேணுமுங்களே. அவருக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திக் கூட்டிட்டுப் போயிருவாருங்க."

போலியைக் கொடுத்தால் பரீட்சை போகும். உண்மையைச் சொன்னால் படிப்பே போகலாம். பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறேன், பேசு என்றேன். அவள் என் எதிரிலேயே அப்பாவைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "காத்தால வர்றேன்" என்று வைத்துவிட்டார். அவள் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கமிட்டித் தலைவர், இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார். அவரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார்: தெரியாது, பெற்ற பிள்ளை படுத்தே கிடந்தது தெரியாமல் இருந்தது என் தப்பு, அதற்கு அவளைத் தண்டிக்காதீர்கள். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கமிட்டி ஒத்துக்கொண்டது. கிளார்க்காக இருந்த காலத்தில் இப்படி ஒரு மனுவை நான் பார்த்ததே இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "பொட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டனுங்கப்பா."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொஸ்தகம் பொட்டிக்குள்ள இருந்தா எப்புடிக் கண்ணு படிப்ப? வா, பிரிச்சு வெச்சுட்டுப் போறேன்."