பேரில்லாத விதவையும் என்ரை மனிசனும்

உயிரோடை இருக்கிற பொம்பிளையைப் பாத்துப் பொறாமைப்படுறது எல்லா வீட்டிலையும் நடக்கிறதுதான். நானோ, செத்து இருநூறு வருசமான ஒருத்தியைப் பாத்து எரிஞ்சு திரிஞ்சனான். நாங்கள் டென்மார்க்குக்கு வந்த ரெண்டாவது வருசம், எண்பத்தாறிலை துவங்கின கதை. இப்ப சொல்லேக்கை எனக்கே சிரிப்பு வருது. அந்த எட்டு மாசமும் நான் சிரிக்கேல்லை.

வைலே பட்டினத்திலை இருந்து பஸ்ஸிலை அரை மணித்தியாலம் போனால் வாற சின்ன ஊர் ஒண்டிலை எங்களுக்கு வீடு தந்திருந்தாங்கள். மஞ்சள் செங்கல்லாலை கட்டின மாடி வீடு, ரெண்டு அறை. வீடு இருந்த ஒழுங்கையின்ரை பேரை டெனிஷிலை இருந்து தமிழுக்குக் கொண்டுவந்தால், விதவை ஒழுங்கை. எனக்கு முதல் நாளே பிடிக்கேல்லை.

"கட்டின தாலியோடை வந்து இறங்கியிருக்கிறன், இதென்ன விலாசம்?" எண்டு என்ரை மனிசனைக் கேட்டன்.

"ஒழுங்கைக்குப் பேர் வைச்சவனுக்கு உம்மடை தாலியைப் பற்றி என்ன தெரியும்?" எண்டு அவர் சிரிச்சார். பிறகு, ஆர் அந்த விதவை எண்டு தனக்குள்ளை யோசிக்கத் துவங்கினார். துவக்கி வைச்சது நான்தான். அதை நினைக்க என்ரை வாயிலை நானே ஒண்டு போடவேணும் போலை கிடக்கும்.

அவர் யாழ்ப்பாணத்திலை காணிப் பதிவுக் கந்தோரிலை கிளாக்காய் இருந்தவர். பழைய உறுதியளைத் தூசி தட்டி வாசிச்சு, எந்தக் காணி எந்தக் குடும்பத்திலை இருந்து எந்தப் பெட்டைக்குச் சீதனமாய்ப் போனது எண்டு பிடிக்கிறதிலை விண்ணன். டென்மார்க்கிலை அந்த விண்ணத்தனம் ஒருத்தருக்கும் தேவைப்படேல்லை. நான் முதியோர் இல்லக் குசினியிலை வேலை எடுத்திட்டன். காலமை ஆறரைக்கு உருளைக்கிழங்கு உரிக்கக் குனிஞ்சால் ரெண்டு மணிக்குத்தான் நிமிருவன். அவர் பாசை படிக்கிற பள்ளிக்கூடத்தாலை வந்து, யன்னலுக்கு முன்னாலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். சாப்பிட்டியளோ எண்டால், ஓம். பள்ளிக்கூடம் எப்பிடி எண்டால், அதுக்கும் ஓம். ஒரு நாளைக்கு நாலு ஓமோடை குடும்பம் நடந்தது.

பிறகு ஒருநாள் நான் வேலையாலை வரேக்கை ஆள் வீட்டிலை இல்லை. நூல்நிலையத்துக்குக் கீழை, நிலவறையிலை, ஊர்ச் சரித்திரம் சேத்து வைக்கிற இடம் ஒண்டு இருந்தது. டெனிஷ்காரர் சின்னச் சின்ன ஊரிலையும் அப்பிடி ஒண்டு வைச்சிருக்கினம். பென்சன் எடுத்த ஆக்கள் வந்திருந்து, எந்தத் தோட்டம் ஆற்றை, எந்தக் குடும்பம் எங்கையிருந்து வந்தது, எந்த ஒழுங்கைக்கு ஏன் அந்தப் பேர் எண்டு கிண்டிக்கொண்டு இருப்பினம். இவர் அங்கை இறங்கிப் போய்த் தன்ரை ஓட்டை டெனிஷிலை எங்கடை ஒழுங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கை இருந்த ஒரு பென்சன் எடுத்த ரீச்சர், "எங்களுக்கும் வடிவாய்த் தெரியாது, வா தேடுவம்" எண்டிருக்கிறா. அவ்வளவுதான், ஆள் அங்கையே ஒட்டியாச்சு.

முதலிலை நான் சந்தோசப்பட்டனான், பொய் சொல்லக்கூடாது. மனிசன் வாய் திறந்திட்டார். சோத்துக் கோப்பையோடை குந்தினால் கதை, கோப்பை கழுவேக்கையும் பின்னாலை வந்து நிண்டு கதை. கொஞ்ச நாள் போகத்தான் கவனிச்சன், கதை முழுக்க ரெண்டு பொம்பிளையளைப் பற்றி. ஒருத்தி அந்த ரீச்சர். மற்றவ அந்த விதவை.

ரீச்சருக்கு அவற்றை தாயின்ரை வயது இருக்கும். நரைச்ச கட்டை மயிர், தடிச்ச காலுறை, சைக்கிள். எங்கடை ஊரிலை எண்டால் அம்மா எண்டோ ரீச்சர் எண்டோ தான் கூப்பிடுவார். இந்த நாட்டிலை எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தானே கூப்பிடுகினம்! இவரும் அவவை மொட்டையாய்ப் பேர் சொல்லித்தான் கதைக்கிறார். வாய்க்குள்ளை சீனி போட்டமாதிரி அந்தப் பேர் உருளும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஏனெண்டு சொல்லவேணும். கலியாணம் முடிச்சு ஆறு வருசம், அவர் என்ரை பேரை ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. இஞ்சாரும், மெய்யே, உதைக் கேளும், இவ்வளவுதான் நான். பிறத்தியாருக்கு முன்னாலை எண்டால் "மனிசி". அவற்றை வீட்டிலை ஆம்பிளையள் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கமில்லை, தாய்க்கு முன்னாலை வெக்கம். நானும் அவற்றை பேரைச் சொல்லிறேல்லைத்தான். ஆனால் சொன்னால் மனிசனுக்கு ஆயுள் குறையும் எண்டு என்னை வெருட்டி வளத்தது. அவரை ஆர் வெருட்டினது? யாழ்ப்பாணத்திலை இதை நான் ஒரு குறையாய் நினைச்சதில்லை. அங்கை என்ரை பேரைச் சொல்ல அம்மா, அக்கா, அயலட்டை எண்டு ஊரே இருந்தது. இஞ்சை இவர் ஒருத்தர்தான். குசினியிலை டெனிஷ்காரியள் என்ரை பேரைக் கடிச்சுத் துப்பி வேறை ஏதோ ஆக்கிப்போட்டாளவை.

விதவையின்ரை கதைக்கு வாறன். அந்தக் காலத்திலை எங்கடை ஒழுங்கை ஒரு தோட்டமாய் இருந்ததாம். தோட்டத்துச் சொந்தக்காரன் செத்துப்போக, மாரிகாலத்திலை ரோட்டை வெள்ளம் மூடேக்கையெல்லாம், அவன்ரை பெண்சாதி தன்ரை தோட்டத்துக்குள்ளாலை வழி வெட்டிச் சனத்தைப் போகவர விட்டவவாம். அதாலைதான் விதவை ஒழுங்கை. இவ்வளவும் முதல் மாசத்திலையே பிடிச்சாச்சு. பிடிபடாதது அவவின்ரை பேர். பிறப்பு, கலியாணம், சாவு எல்லாம் அப்ப சேர்ச்சிலை பாதிரியார் எழுதிற புத்தகத்திலைதான் இருக்குமாம். அந்தப் புத்தகத்தைப் படம் பிடிச்ச சுருளை இவையள் ஒரு மெசினிலை போட்டுப் பாத்தால், பிள்ளை பிறந்த இடத்திலையும் இன்னாற்றை பெண்சாதி, அவவைத் தாட்ட இடத்திலையும் இன்னாற்றை விதவை. பேரே இல்லை.

"என்ன அநியாயம் பாரும்!" எண்டு அவர் மேசையிலை குத்தினார். "எங்கடை உறுதியளிலை எண்டால் காணி பொம்பிளையின்ரை எண்டபடியாலை இன்னார் பெண்சாதி இன்னார் எண்டு பேரை எழுதித்தான் ஆகவேணும். இஞ்சை ஒரு மனிசியைப் பேரில்லாமல் தாட்டிருக்கிறாங்கள்! இதைக் கண்டுபிடிக்காமல் நான் விடமாட்டன்."

நான் கறிச்சட்டியோடை நிண்டனான். அவற்றை முகத்தைப் பாத்தன். தான் சொல்லுறது தனக்கே உறைக்கேல்லையே இந்த ஆளுக்கு எண்டு சட்டியை டங்கெண்டு வைச்சன். "ஏன், சூடோ?" எண்டு கேட்டார்.

பிறகு என்ரை ரோல்சிலையும் பங்கு போகத் துவங்கிச்சுது. சனிக்கிழமையளிலை நான் மீனும் கிழங்கும் உள்ளுக்கை வைச்சுச் சுருட்டி ரோல்ஸ் சுடுவன். செவ்வாய்க்கிழமை பாத்தால் டப்பாவிலை பாதியைக் காணேல்லை. ரீச்சர்க் கிழவிக்குப் பிடிக்குமாம். ரோல்ஸ் கொண்டுபோன டப்பாவிலை கிழவி தேங்காய்ப்பூவும் மண்ணிறச் சீனியும் மேலை போட்டு ஒரு கேக் செய்து அனுப்பினா. நான் தொடமாட்டன் எண்டு ரெண்டு நாள் அலுமாரிக்கு மேலை வைச்சன். மூண்டாம் நாள் அவர் இல்லாத நேரம் பாத்து ஒரு துண்டு வெட்டித் திண்டன். நல்லாய்த்தான் இருந்தது. அது இன்னும் கோவத்தைக் கிளப்பிச்சுது. நிண்ட நிலையிலை இன்னும் ரெண்டு துண்டு திண்டன்.

ஒருநாள் குசினியிலை வேலை வெள்ளன முடிஞ்சுது. என்னதான் நடக்குது பாப்பம் எண்டு நூல்நிலையத்துப் படியாலை கீழை இறங்கினன். கண்ணாடிக் கதவு. உள்ளுக்கை அந்தப் படச்சுருள் மெசினுக்கு முன்னாலை ரெண்டு தலை, ஒண்டு கறுப்பு, ஒண்டு நரை. கிழவி விரலாலை ஒரு வரியைக் காட்டினா, இவர் ஏதோ சொன்னார், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். அப்பிடி அவர் சிரிச்சு நான் எப்ப பாத்தது? நாங்கள் வெளிக்கிட்டு வந்ததுக்குப் பிறகு பாத்ததாய் ஞாபகம் இல்லை. கதவிலை வைச்ச கையை எடுத்திட்டன். வீட்டை வந்து, தோய்ச்சுக் காய்ஞ்சு கிடந்த உடுப்பை எல்லாம் திருப்பியும் தோய்ச்சன்.

பங்குனியிலை, விபோர்க்கிலை பழைய பத்திரங்கள் வைச்சிருக்கிற காப்பகத்திலை இருந்து ஒரு தபால் வந்தது. தோட்டக்காரன் செத்தபிறகு சொத்துப் பிரிச்ச பத்திரத்தின்ரை பிரதி. ஒரு மாடு, ஒரு பித்தளைப் பானை, படுக்கை விரிப்பு எண்டு எல்லாத்தையும் எழுதி, கடைசியிலை விதவையின்ரை பேரையும் எழுதியிருந்ததாம். மனிசன் பறந்துகொண்டு வந்தார், காலிலை சப்பாத்தும் கழட்டேல்லை. பேரைச் சொன்னார். சோத்தைப் போட்டுக் குடுத்தன், பேரைச் சொன்னார். தண்ணி குடிச்சுப்போட்டு, "என்ன வடிவான பேர்" எண்டு திருப்பியும் சொன்னார். ஒரு சாப்பாட்டுக்குள்ளை ஏழு தரம். நான் எண்ணினனான்.

எட்டாந்தரம் சொல்ல விடேல்லை. "என்ரை பேர் என்ன?" எண்டு கேட்டன்.

"என்ன?"

"என்ரை பேர். ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான். ஒருத்தியை உயிரோடை மொட்டையாய்க் கூப்பிடுறியள். ஒருத்தியைக் குழியாலை கிளப்பி வைச்சுக் கூப்பிடுறியள். எனக்கு மட்டும் வாய் வராதோ?"

அவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இருந்தார். பிறகு, "வீட்டிலை ரெண்டு பேர்தானே இருக்கிறம். பேர் என்னத்துக்கு?" எண்டார்.

"அந்த நிலவறையிலையும் ரெண்டு பேர்தானே!" எண்டன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவருக்கு முன்னாலை அழக்கூடாது எண்டு எழும்பிப் போயிட்டன். அண்டையிலை இருந்து எனக்கு வேறை ஒண்டும் தேவைப்படேல்லை. நகை வேண்டாம், சீலை வேண்டாம். அந்த வாயாலை என்ரை பேர் ஒருக்கால் வரவேணும். கேட்டு வாங்கிறதாயும் இருக்கக்கூடாது. ரெண்டு மாசம் இருந்து பாத்தன். வரேல்லை.

வைகாசியிலை ஒரு சனிக்கிழமை பின்னேரம், கண்டுபிடிச்ச கதையை ஊருக்குச் சொல்ல நூல்நிலைய மேல்மாடியிலை ஒரு கோப்பிக் கூட்டம் வைச்சினம். இவரும் பேசிறதாம். கழுத்துப்பட்டி கட்டி, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு டெனிஷிலை பாடமாக்கினார். நான் கூறைச்சீலையை எடுத்து உடுத்தன். கிழவி பாக்கட்டும் எண்டுதான். மேலாலை குளிர்ச்சட்டை போட்டதிலை சீலையின்ரை தலைப்பு வெளியிலை தெரியேல்லை எண்டது வேறை விசயம்.

வாசலிலை மேசை போட்டு, வாற ஆக்களின்ரை பேரை எழுதிற பெரிய கொப்பியோடை கிழவி இருந்தா. எங்களுக்குப் பின்னாலை பத்துப் பன்ரெண்டு பேர் வரிசையிலை. என்னைக் கண்டதும் எழும்பி வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டா.

"ரோல்ஸ் சுடுறது நீதானே! எட்டு மாசமாய் இவனிட்டை வேறை கதை இல்லை. என்ரை மனிசி இப்பிடிச் சொன்னவ, என்ரை மனிசி அப்பிடிச் சமைப்பா, என்ரை மனிசி தனிய உழைச்சுக் களைக்கிறா. எனக்கு உன்னை நல்லாய்த் தெரியும்."

வீட்டிலை அவவைப் பற்றிக் கதை, அங்கை என்னைப் பற்றிக் கதையோ? அவரைத் திரும்பிப் பாத்தன், கழுத்துப்பட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நிண்டார். என்ரை நெஞ்சு அப்பிடியே இளகப் பாத்துது. கிழவி திரும்பிப் போய்ப் பேனையை எடுத்தா.

"ஆனால் உன்ரை பேரை இவன் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதவேணும், சொல்லு."

இளகின நெஞ்சு உடனை இறுகிச்சுது. "அவரைக் கேள்" எண்டன்.

கிழவி அவரைப் பாத்தா. அவர் என்னைப் பாத்தார். "சொல்லுமன்" எண்டார் தமிழிலை, மெல்லமாய்.

நான் நிமிந்து நிண்டு, நல்ல தெளிவாய், அந்த விதவையின்ரை பேரைச் சொன்னன்.

கிழவியின்ரை பேனை நிண்டிட்டுது. பின்னாலை ஆரோ களுக்கெண்டு சிரிச்சினம். என்ரை மனிசனுக்கு முகம் கறுத்துப்போச்சு. பதிவுக் கொப்பியிலை பிழையான பேர் விழுறதைப் பாத்துக்கொண்டு நிக்க அவராலை ஏலாது, அது எனக்குத் தெரியும்.

"இல்லை, இல்லை! அது பிழை!" எண்டு கையாலை கொப்பியை மறைச்சார்.

"பிழையெண்டால் திருத்துங்கோ" எண்டன்.

அவர் கொப்பியைப் பாத்தார், வரிசையைப் பாத்தார், கடைசியிலை என்னைப் பாத்தார். முதல் தரம் வாய்க்குள்ளை முணுமுணுத்தார். கிழவி காதைக் கிட்டக் கொண்டுவந்து, என்ன எண்டு கேட்டா. ரெண்டாந்தரம் மேசை, வரிசை, கோப்பி ஊத்திக்கொண்டு நிண்ட ஆக்கள் எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். என்ரை முழுப்பேர், யாழ்ப்பாணத்து உச்சரிப்போடை, ஒரு எழுத்தும் விழுங்காமல்.

கிழவி எழுதி முடிச்சுத் தலையாட்டினா. எனக்குத்தான் கேட்டு முடியேல்லை.

"இன்னொருக்கால்" எண்டன்.