என் பொண்ணு தங்கப்போற ஊரை நான் விசாரிச்ச கதை

பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி ஊரை விசாரிக்கணும். மாப்பிள்ளையை அப்புறம் பாத்துக்கலாம். எங்க பக்கத்து வழக்கம் இதுதான். என் அக்காவுக்குப் போளூர் பக்கத்துல ஒரு இடம் வந்தப்ப, எங்க சித்தப்பா யாருக்கும் சொல்லாம அந்த ஊருக்குப் போயி டீக்கடையில உக்காந்துகினு பேச்சுக் குடுத்தாரு. மாப்பிள்ளை குடிப்பானா, நிலம் எவ்வளவுன்னு அவர் கேக்கல. "இந்த ஊருக்கு ஒரு பொண்ணைக் குடுத்தவங்க ரெண்டாவது பொண்ணையும் இங்கயே குடுத்திருக்காங்களா?"ன்னுதான் கேட்டாரு. குடுத்திருந்தா நல்ல ஊரு. இல்லன்னா டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடணும். அக்கா இன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கா.

என் பொண்ணு விஷயத்துல கல்யாணம் எதுவும் இல்ல. அவ நர்ஸ். வேலூர்ல வேலை பாத்துட்டு, சென்னைல ஜெர்மன் படிச்சுட்டு, ஜெர்மனில ஒரு சின்ன ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனவ. போய் மூணு வருஷம் ஆச்சு. மார்கழி பொறந்த சமயம் ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, இங்க எனக்கு நிரந்தரமா வேலை தர்றேங்கறாங்க. கையெழுத்துப் போட்டா அப்புறம் இங்கயேதான். பொங்கலுக்குள்ள சொல்லணும். நீ வேணாம்னு சொன்னா வந்துடறேன், சத்தியமா வந்துடறேன்"னு சொன்னா.

சொல்லிட்டு அவ டூட்டிக்குப் போயிட்டா. பாரம் என் தலைல. சண்டை போட்டுக்கினு போற பிள்ளையை நாலு திட்டு திட்டிட்டு விட்டுடலாம். கேட்டுட்டுப் போற பிள்ளைங்ககிட்டதான் மாட்டிக்கறோம். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசுக்கு வேலைக்குப் போய்ட்டு வர்ற எங்க வீட்டு மனுஷனைக் கேட்டா, ஷூவைக் கழட்டிக்கினே "உன் இஷ்டம்"ன்னாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்துக்கும் அவருக்கு இதே பதில்தான்.

சரி, ஊரை விசாரிப்போம்னு முடிவு பண்ணேன். சித்தப்பாவை அனுப்ப முடியாது, அவர் போய்ச் சேந்துட்டாரு. ஆனா எங்க வீடு செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்குப் பின்னாடி தெருல. குளிர்காலம் வந்தா கல்லை எறிஞ்சா ஜெர்மன்காரங்க மேலதான் விழும். அதனால காய் வாங்கப் போகும்போது, பால் வாங்கப் போகும்போதுன்னு எதிர்ல வர்றவங்களை எல்லாம் நிறுத்தி, பொண்ணு அனுப்பின ஊர் பேரைப் போன்ல காட்டி, தெரியுமானு கேட்டேன்.

ஒருத்தருக்கும் தெரியல. ஒரு அம்மா நெஞ்சுல கையை வச்சு சாரி சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தர் அது ஆஸ்திரியாவா இருக்கும்னாரு. உச்சில கொண்டை போட்ட ஒரு பையன் மட்டும் கண்ணை மூடித் திறந்து, "நான் எந்த ஊரும் இல்ல, நான் இந்த உடம்பும் இல்ல"ன்னான். "இருக்கட்டும் தம்பி, அந்த உடம்பு எந்த ஊர்ல பொறந்துச்சு, அதைச் சொல்லு"ன்னேன். அவன் சிரிச்சுட்டு இளநி குடிக்கப் போயிட்டான். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. சொந்த நாட்டுல ஒரு ஊர் தெரியாதவங்க எல்லாம் நம்ம ஊர்ல வந்து எதைத் தேடறாங்களோ.

கடைசில எங்க மாடிக்கே போனேன். மாடி ரூம்ல ஒரு ஜெர்மன்காரர் குடியிருக்காரு. தெருவுல எல்லாரும் அவரைச் சாமின்னுதான் கூப்பிடுவாங்க. என் பொண்ணு பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து இருக்காரு. அப்ப அவருக்கு மஞ்ச முடி, இப்ப பூரா நரை. தமிழ் எங்க தெருலயே கத்துக்கிட்டாரு, நான் திட்டறது உட்பட. அவரும் பெரிய ஊர்க்காரர், பொண்ணு இருக்கற ஊரைக் கேள்விப்பட்டதே இல்லையாம். ஆனா கண்ணாடியைப் போட்டுக்கினு போன்ல தேடி, "பாப்பா ஊரைப் பத்தி ஒரு பக்கம் இருக்கும்மா"ன்னாரு. ஒரு ஆறு, ஒரு சர்ச், ஒரு பீர் கம்பெனி. ஜனம் கம்மி. கீழ போகப் போக, "இந்த ஊரில் பிறந்த புகழ் பெற்ற மனிதர்கள்"னு ஒரு பகுதி வந்துச்சு. கொடில எடுத்த துணியை மடில போட்டுக்கினு அப்படியே தரைல உக்காந்துட்டேன். ஒரு ஊர்ல யாரு பேர் சொல்ற மாதிரி வாழ்ந்தாங்கனு தெரிஞ்சா ஊர் தெரிஞ்சுடும்.

"முதல்ல ஒரு பாதிரியார். சாமி பாட்டு எழுதினவரு."

"நல்ல ஆரம்பம். பிள்ளைங்க?"

"நிறைய."

"எங்க செத்தாரு?"

"வேற ஊர்லம்மா. சின்ன வயசுலயே ஊரை விட்டுப் போயிட்டாரு."

அடுத்தவரு பாசியைப் படிச்சவராம். பாறை மேல படர்ற பாசில எது எந்த ஜாதின்னு பிரிச்சுப் பேர் வச்சாராம். அதுக்கு யாரு சோறு போட்டாங்கனு கேட்டேன். அது எழுதலன்னாரு. அவர் செத்தது ஒரு கப்பல்ல. அப்புறம் ஒரு பாட்டுக்காரி, வயசுக்கு வந்த கையோட வியன்னா போனவ, திரும்பவே இல்ல. ஒரு ஓவியர், அவரும் வெளியூர். அதுக்கப்புறம் சாமி ஒரு மாதிரி தயங்கி, "அடுத்தவர் கொள்ளைக்காரர்"ன்னாரு.

"திருடனையும் சேத்திருக்காங்களா?"

"பெரிய திருடன்மா. பணக்காரங்க கிட்ட மட்டும் அடிப்பானாம். பக்கத்து ஊர்ல தூக்குல போட்டாங்க."

தூக்குல போடறதுக்குக் கூட வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. இதென்ன ஊரு? ஒரு ராஜா வேற, எங்கயோ போற வழில ஒரு ராத்திரி சத்திரத்துல தூங்கினாராம், அதுக்கு ஒரு வரி. அப்படிப் பாத்தா பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம ஊர்ல மலை சுத்த வந்து ரோட்டோரம் துண்டை விரிச்சுத் தூங்கறவங்களுக்கு எல்லாம் எழுதி வைக்க மலையே பத்தாது.

எனக்கு விஷயம் பிடிபட்டுடுச்சு. உருப்பட்டவன் ஒருத்தனும் அந்த ஊர்ல நிலைக்கல. பொறக்கறது அங்க, வாழறது வேற எங்கயோ. சித்தப்பா இருந்திருந்தா டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்திருப்பாரு. நானும் துணியைச் சுருட்டிக்கினு எழுந்தேன்.

"இருங்கம்மா, வெளியூர்லேர்ந்து வந்து தங்கினவங்கன்னு இன்னொரு பகுதி இருக்கு, சின்னது"ன்னாரு சாமி. அதுல ஒரு பொம்பளை. எங்கயோ கிழக்குப் பக்கத்துலேர்ந்து பிரசவம் பாக்கற வேலைக்கு வந்தவங்க. ஊர்ல பாதிப் பேரை அவங்கதான் கையில வாங்கினாங்களாம். அங்கயே வயசாகி அங்கயே செத்தாங்க. கல்லறைக்கு இன்னும் பூ வைக்கறாங்களாம்.

"கல்யாணம்?"

"இல்ல."

"அவங்க அம்மா?"

சாமி போன்லேர்ந்து தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. "அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா"ன்னாரு. அந்தப் பொம்பளையைப் பத்திக் கேக்கவே எனக்குப் பிடிக்கல.

அன்னிக்கு சாயந்திரம் பொண்ணுகிட்ட என் தீர்ப்பைச் சொல்லிட்டேன். பாதிரியார், பாசிக்காரர், பாட்டுக்காரி, திருடன், எல்லாரும் அந்த ஊரை விட்டு ஓடினவங்க, அது தங்கற ஊரு இல்லன்னேன். பிரசவம் பாத்த பொம்பளையை மட்டும் லேசா விட்டுட்டேன். அவ போன்ல சிரி சிரின்னு சிரிச்சா.

"நீ எங்க ஊரை விசாரிச்சியாம்மா?"

"எங்க ஊரா? அதுக்குள்ள உனக்கு அது எங்க ஊரா?"

சிரிப்பு நின்னுடுச்சு. மெதுவா சொன்னா. "அப்ப நம்ம ஊரையும் விசாரிச்சுப் பாரும்மா. நம்ம ஊர்ல ஆட்டோல படம் மாட்டிக் கும்பிடற மகானுங்கள்ல முக்காவாசிப் பேர் எங்கிருந்தோ வந்து தங்கினவங்கதானே? அவங்க அம்மாங்க எல்லாம் முன்னாடியே விசாரிச்சிருந்தா விட்டிருப்பாங்களா? வெயிலு, கல்லு, தண்ணிப் பஞ்சம். யாரு விடுவா?"

அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்லிப் போனை வச்சேன். அடுப்புல ஒண்ணும் இல்ல.

அவ சொன்னது வாஸ்தவம்தான். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ நான். வந்தவங்களைத்தான் பாத்திருக்கேன். அவங்க எந்த வீட்டுலேர்ந்து கிளம்பினாங்க, அந்த வீட்டுல யாரு வாசலைப் பாத்துக்கினு இருந்தாங்கனு ஒருநாளும் தோணினதில்ல. ராத்திரி தூக்கம் ஜாஸ்தி வரல.

காலைல காபியை எடுத்துக்கினு மாடிக்குப் போனேன். மலை மேல மேகம் இறங்கியிருந்துச்சு. சாமி சால்வையைப் போத்திக்கினு நாற்காலில உக்காந்திருந்தாரு. சுத்தி வளைக்காம கேட்டுட்டேன்.

"இங்கயே தங்கிடறேன்னு சொன்னப்ப உங்க அம்மா என்ன சொன்னாங்க சாமி?"

"சரின்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சண்டை எதுவும் இல்ல. கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணுவேன். அங்க மழைம்பாங்க, மாமாவுக்குக் கால் வலிம்பாங்க. இந்த ஊரைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. மலை இருக்குனு கூட அவங்களுக்குத் தெரியாது." காபியை ஒரு வாய் குடிச்சாரு. "ஒவ்வொரு தடவையும் போன் பண்றதுக்கு முன்னாடி யோசிச்சு வச்சுப்பேன். கேட்டா மலையைச் சொல்லணும், நீங்க போடற சாம்பாரைச் சொல்லணும், பாப்பா ஸ்கூல்ல டான்ஸ் ஆடினதைச் சொல்லணும்னு. அவங்க செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. நான் இன்னும் சொல்ல ரெடியாத்தான் இருக்கேன்மா."

அவர் அதை வருத்தப்பட்டுக் கூடச் சொல்லல. சர்க்கரை கம்மின்னு சொல்ற மாதிரி சொன்னாரு. எனக்குத்தான் அங்க நிக்க முடியல. டம்ளர் காலியாகறதுக்குள்ள கீழ இறங்கி வந்துட்டேன்.

அங்க விடியட்டும்னு மத்தியானம் வரைக்கும் பொறுத்தேன். பொண்ணு போனை எடுத்ததும், "பால் பொங்கிடுச்சா?"ன்னு கேட்டா, வாய்க்கொழுப்பு.

"அதை விடு. அந்த ஆறு உன் ஜன்னல்ல தெரியுமா?"ன்னேன்.

அவளுக்குப் புரியல. "எந்த ஆறு? நம்ம... இந்த ஊரு ஆறா? தெரியாதும்மா. சர்ச் தெரியும். ஆத்துக்கு ரெண்டு தெரு நடக்கணும்."

"தனியாவா நடப்ப? கீழ் வீட்டுல யாரு? உடம்பு சரியில்லன்னா யாரு கஞ்சி வைக்கறா?"

அவ சொல்ல ஆரம்பிச்சா. கீழ் வீட்டுக் கிழவி ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டு சூப் குடுக்கறதைச் சொன்னா. ஆத்துத் தண்ணி உறையும்போது வர்ற சத்தத்தைச் சொன்னா. வார்டுல ஒரு தாத்தா இவகிட்ட மட்டும்தான் ஊசி போட்டுப்பேன்னு அடம் பிடிக்கறாராம். சாப்பிட்டேன், குளிரு, டூட்டி, இதைத் தவிர மூணு வருஷத்துல அவ எதையும் சொன்னதில்ல. நான் கேக்கக் கேக்க அவ குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆயிடுச்சு. என் பொண்ணு அங்க சந்தோஷமா இருக்கா. அது காதுலயே தெரிஞ்சுது. தெரிஞ்சப்ப எனக்கு வலிச்சுது, அதையும் சொல்லிடறேன்.

"சரி, கையெழுத்துப் போடு"ன்னேன்.

 

"மனசாரச் சொல்றியாம்மா?"ன்னா.

"இல்ல. ஆனாலும் போடு"ன்னேன்.