அம்மா பேசுற டிவிடி

இன்னைக்கு மாசாய் டவுன்ல ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். இருந்ததிலேயே மலிவானது.

சீனக் கடைக்காரர் பெட்டியில தூசி தட்டிக்கிட்டே, "இன்னும் யாரு லா இதுல படம் பாக்குறா?"ன்னாரு.

"படம் இல்ல அங்கிள். என் கல்யாண டிவிடி. எங்கம்மா அதுல பேசுவாங்க."

அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் எங்கயும் இல்ல.

வீட்டுல அண்ணன் ஒயர் மாட்டிக் கொடுத்தாரு. டிவிடியைப் போட்டோம். மணமேடையில அம்மா என் பூவைச் சரி பண்ணிக்கிட்டே காதுல ஏதோ சொல்றாங்க. வாய் அசையுது.

கேட்டது சினிமா பாட்டு.

சத்தத்தைக் கூட்டினேன். பாட்டுதான் கூடுச்சு. கடைசி வரைக்கும் பாட்டுதான்.

அண்ணன் மெதுவா சொன்னாரு: "நீதானேம்மா வீடியோக்காரர்கிட்ட சொன்ன, ஆளுங்க பேசுற சத்தமெல்லாம் எடுத்துட்டு ஃபுல்லா பாட்டு போடுங்கன்னு."

ஆமா. நான்தான் சொன்னேன்.

இதைப் படிக்கிற சொந்தக்காரங்களே, உங்க கல்யாணத்துக்கெல்லாம் அம்மா வந்திருக்காங்க. உங்க டிவிடியில ஆளுங்க பேசுறது கேட்டா சொல்லுங்க. அம்மா சமையல்கட்டுல யாரையாச்சும் ஏசிக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல. பிளேயரை நானே தூக்கிட்டு வர்றேன்.